சிறுநீர்க் கசிவுடன் வீட்டிலும் பயணத்திலும்: பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இருமினால் இரண்டு சொட்டு, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் புடவை நனைவது, புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு நாள் முழுக்கச் சொட்டுவது, தூக்கத்தில் படுக்கை நனைவது. எல்லாவற்றையும் ‘யூரின் அடக்க முடியவில்லை’ என்றே சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, சமாளிக்கும் வழியும் வேறு. இது தெரியாததால் பலரும் எடுக்கும் முடிவுகள் இரண்டு: தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது, வெளியே போவதை நிறுத்துவது. இரண்டுமே உடம்பைக் கெடுக்கும். இரண்டுமே தேவையில்லை.

கசிவோடு நிம்மதியாக இருக்க உங்கள் உடம்பைப் பற்றி இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒரு முறை போனபின் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பது ஒன்று. ஒரு முறைக்கு எத்தனை மி.லி. வருகிறது என்பது மற்றொன்று. எந்த பேட் வாங்குவது, இரவில் எப்போது எழுவது, மதுரைக்கு பஸ்ஸில் போகலாமா ரயிலில் போகலாமா, பையில் எத்தனை டயப்பர் வைப்பது எல்லாம் இந்த இரண்டிலிருந்தே கணக்காகி வரும்.

முதலில், தள்ளிப்போடக் கூடாதவை

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அடிவயிறு உப்பியும் சிறுநீர் வராமல் இருப்பது: இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகுவலியோடு திடீரென்று சிறுநீர், மலம் கட்டுப்பாடு போய், உட்காரும் இடமும் தொடை உட்புறமும் மரத்துப்போனால் அது முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர பாதிப்பாகலாம். வயதானவருக்கு நேற்று வரை இல்லாத கசிவு இன்று திடீரென்று வந்து, பேச்சிலும் குழப்பம் தெரிந்தால் சிறுநீர்ப்பாதைத் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அவசரம் இல்லை என்றாலும் ஒரு தடவையாவது பரிசோதனை வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, போய்வந்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் ஆகிய மூன்றும் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும்.

மூன்று நாள் குறிப்பு

500 மி.லி. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்று வாங்கி, அதை பாத்ரூமிலேயே வையுங்கள். மூன்று நாட்களுக்கு, இரவும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அதில் பிடித்து அளந்து எழுதுங்கள். நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், குடித்தது, போனது, கசிந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். ‘குழாயைத் திறந்தேன்’, ‘மாடிப்படி ஏறினேன்’, ‘சிரித்தேன்’ என்று ஒரு சொல் போதும். சாம்பார், ரசம், கஞ்சி, மோரையும் குடித்த கணக்கில் சேருங்கள்.

பேடில் போவதையும் அளக்கலாம். புது பேடை எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, நனைந்ததை பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி எடை போட வேண்டும். 1 கிராம் கூடினால் ஏறக்குறைய 1 மி.லி. கசிந்திருக்கிறது.

இனி நோட்டைப் படிக்கலாம். நல்ல சிறுநீர்ப்பை 300 முதல் 500 மி.லி. வரை தாங்கும், பகலில் 7, 8 முறை போவது இயல்பே. ஒவ்வொரு முறையும் 100, 150 மி.லி. மட்டும் வந்து, அடிக்கடி ஓட வேண்டியிருந்தால் பை அவசரப்படுகிறது. தொற்று இல்லை என்று உறுதி செய்தபின் பையைப் பழக்கும் பயிற்சி கைகொடுக்கும். இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது ஆகிய நேரங்களில் மட்டும் கசிந்தால், பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்படித் தசைகள் தளர்ந்திருக்கின்றன. பிரசவங்களுக்குப் பிறகு பெண்களுக்கும், புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு ஆண்களுக்கும் வருவது பெரும்பாலும் இதுதான். இரண்டும் கலந்து வருவதும் சகஜம். போகும்போது கொஞ்சமே வந்து, மற்ற நேரமெல்லாம் சொட்டிக்கொண்டே இருந்தால் பை நிரம்பி வழிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பெரிய புராஸ்டேட், நாள்பட்ட சர்க்கரை நோய் இரண்டிலும் இப்படி ஆகும். இந்த வகைக்கு டயப்பர் போட்டுக்கொண்டு சும்மா இருப்பது ஆபத்து. தேங்கும் சிறுநீர் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

24 மணி நேர மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் சர்க்கரையைப் பாருங்கள். வயதானவருக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், பகலில் காலில் தங்கும் நீர் படுத்ததும் ஏறி வருகிறதா, இதயம், சிறுநீரகம், தூக்கத்தில் மூச்சுத் தடை ஏதாவது காரணமா என்று மருத்துவர் பார்ப்பார்.

இவை எதிலும் சேராத ஒரு வகை நம் வீடுகளில் அதிகம். பை நன்றாகவே இருக்கும். மூட்டு வலியால் எழுந்து போவதற்குள் நேரம் கடந்துவிடும். அதற்கு மாத்திரை கிடையாது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை கைப்பிடி, இரவு விளக்கு, எடுத்து வைக்கக்கூடிய கமோடு நாற்காலி, சல்வார் நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், இவைதான் மருந்து.

மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள்

சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாக்ளிஃபுளோசின், எம்பாக்ளிஃபுளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுபவை. அதனால் சிறுநீர் கூடும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். பிரஷருக்கான எனலாபிரில், ராமிபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். ஒவ்வொரு இருமலுக்கும் கசியும். அம்லோடிபின் கால் வீக்கம் தந்தால் இரவுச் சிறுநீர் ஏறும். பிரசோசின் பெண்களுக்குக் கசிவைக் கூட்டக்கூடியது. ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் இரவு தூக்கம் போகும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போய், ‘இதில் எதையாவது மாற்றலாமா, நேரத்தை மாற்றலாமா?’ என்று கேளுங்கள். மாத்திரை வேளையை மாற்றியதிலேயே கசிவு பாதியாகக் குறைந்தவர்கள் உண்டு.

கசிவுக்கென்றே தரும் சோலிஃபெனாசின், ஆக்சிபியூட்டினின் வகை மாத்திரைகள் வாய் வறட்சி, மலச்சிக்கல் தரும். முதியவருக்கு மறதியும் குழப்பமும் வரலாம். மிராபெக்ரான் சிலருக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாதவை இவை.

தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகும். கெட்டியான சிறுநீர் பையை உறுத்தும், எரியும், நாறும். கூடவே மலச்சிக்கல் வரும்; நிரம்பிய மலக்குடல் பையை அழுத்தி இன்னும் கசிய வைக்கும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்கு மருத்துவர் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் தவிர, நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர், நம் வெயில் காலத்தில் அதற்கு மேலும் வேண்டும். ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் குடிக்காமல் 150, 200 மி.லி.யாகப் பிரித்துக் குடிப்பதுதான் சூட்சுமம். பெரும்பகுதியை மதியம் 3 மணிக்குள் முடித்து, படுப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். மாத்திரை விழுங்க ஒரு வாய் போதும்.

காபி, டீ இரண்டும் பையைத் தூண்டும். விட முடியாதவர்கள் காலையில் ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் நோட்டில் வித்தியாசம் பாருங்கள். குறையவில்லை என்றால் உங்கள் கசிவுக்குக் காபி காரணமில்லை, நிம்மதியாகக் குடிக்கலாம். இளநீர், தர்பூசணி, சோடா ஆகியவற்றை வெளியே கிளம்பும் நாளில் தள்ளிவையுங்கள்.

தசைப் பயிற்சி

வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயையும், சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். முதலில் 5 விநாடி பிடித்து, 5 விநாடி முழுதாக விட்டு, 8 முதல் 10 முறை. பழகப் பழக 10 விநாடி. கடைசியில் வேகமாக 10 சுருக்கல். இது ஒரு வேளை. நாளுக்கு மூன்று வேளை. முதல் வாரம் படுத்துக்கொண்டும், பிறகு உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யுங்கள்.

பலன் தெரிய 3 மாதம் ஆகும். பலர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. சிறுநீர் போகும்போதே நடுவில் நிறுத்திப் பழகுவது தவறு, பை முழுதாகக் காலியாகாது. உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவது அடுத்த தவறு. சந்தேகமிருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை காட்டிச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நடமாட முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள்; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தசை பலப்படும் முன்பே உதவும் ஒரு பழக்கம் உண்டு. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், குடத்தைத் தூக்குமுன், ஆட்டோ வேகத்தடையில் ஏறுமுன் ஒரு சுருக்கு. முன்கூட்டி இழுத்துப் பிடித்தால் அந்தக் கசிவு நிற்கும் அல்லது குறையும்.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓட்டமே கசிய வைக்கும். நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். வேகமாக 5, 6 சுருக்கல். மனதில் 100-லிருந்து தலைகீழாக எண்ணுங்கள். அலை தணிந்த பிறகு சாதாரணமாக நடந்து போங்கள். உங்கள் இடைவெளி 1 மணி நேரம் என்றால், அவசரம் இல்லாவிட்டாலும் 1 மணி நேரத்துக்கு ஒரு முறை போய், வாரம் 15 நிமிடமாகக் கூட்டுங்கள். இதுதான் பையைப் பழக்கும் பயிற்சி. 3 மணி நேரம் எட்டினால் ஊர் போய்வரப் போதுமானது.

போகும்போது அவசரப்படாமல் முழுதாக உட்காருங்கள். முடிந்ததும் எழுந்து நின்று, அரை நிமிடம் கழித்து மறுபடி உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் வரும். பொதுக் கழிப்பறையில் சீட்டில் படாமல் அரைகுறையாகக் குனிந்து நிற்கும் பெண்களுக்குத் தசை இறுக்கமாகவே இருப்பதால் பை காலியாகாது. அரை மணியில் மறுபடி முட்டும். சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருவதே நல்லது. ஆண்களுக்குப் பேண்ட் போட்டபின் சொட்டும் சில துளிகளுக்கு வழி: விதைப்பைக்குப் பின்னால் விரல் நுனிகளால் அழுத்தி, முன்னோக்கி இரண்டு மூன்று முறை தடவித் தள்ளினால் குழாயில் நின்றது வெளியே வந்துவிடும்.

பேட், டயப்பர்: எது, எத்தனை

மாதவிடாய் நாப்கினை இதற்கு வைத்துச் சமாளிப்பவர்கள் நிறைய. அது மெதுவாக வரும் ரத்தத்துக்காகச் செய்தது. பீறிட்டு வரும் சிறுநீரை அந்த வேகத்தில் உறிஞ்சாது, ஓரமாக ஓடிவிடும். சில சொட்டுக்குச் சிறுநீருக்கென்றே வரும் பேட் போதும். 100 மி.லி.க்கு மேல் போனால், நடமாடுபவருக்கு ஜட்டிபோல் மாட்டும் பேண்ட் வகை. படுக்கையில் இருப்பவருக்கு, மற்றவர் மாற்றிவிட வேண்டியவருக்கு இருபுறமும் ஒட்டும் டேப் வகை.

அளவு தவறினாலே டயப்பர் ஓரமாகக் கசியும். இடுப்பையும், பிட்டத்தின் அகலமான பகுதியையும் டேப்பால் அளந்து, எது பெரிதோ அதை உறையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மீடியம், லார்ஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ‘பெரிதாக வாங்கினால் நிறைய தாங்கும்’ என்று நினைக்காதீர்கள். பெரிதானால் தொடை ஓரத்தில் இடைவெளி விழும். முதல் முறை மொத்தப் பேக்கெட் வேண்டாம், சிறிய பேக்கெட்டில் பழகிப் பாருங்கள். விலையைப் பார்க்கும்போது ஒன்றின் விலையைப் பார்க்காமல், எத்தனை மணி நேரம் உலர்வாக வைத்தது என்று வகுத்துப் பாருங்கள்.

டேப் வகையைப் போடும்போது உள்ளே ஓரமாக நிற்கும் தடுப்பு மடிப்புகளை விரலால் நிமிர்த்திவிட வேண்டும். கீழ் டேப்பை மேல்நோக்கிச் சாய்த்தும், மேல் டேப்பைக் கீழ்நோக்கிச் சாய்த்தும் ஒட்டுங்கள். ஆண்குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேலே திரும்பியிருந்தால் இடுப்பு வழியாக வெளியேறும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

உடை நனைந்தால் டயப்பரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பாதி உலர்ந்திருந்தால் கோளாறு அளவில் அல்லது போட்ட விதத்தில். முழுக்க ஊறியிருந்தால் அதிகம் தாங்குவது வேண்டும், அல்லது சீக்கிரம் மாற்ற வேண்டும். டயப்பருக்குள் சாதாரண பேடைக் கூடுதலாக வைப்பதில் பயனில்லை. அதன் அடியில் பிளாஸ்டிக் இருப்பதால் நிரம்பியது டயப்பருக்குள் இறங்காமல் பக்கவாட்டில் ஓடும். அடியில் பிளாஸ்டிக் இல்லாத உள்பேட்தான் வேண்டும்.

பயன்படுத்தியதைக் கழிப்பறையில் போடவே கூடாது; ஜெல் ஊதி அடைத்துவிடும். உள்பக்கமாகச் சுருட்டி, டேப்பால் ஒட்டி, நியூஸ்பேப்பரில் பொதிந்து, தனிப் பையில் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். மலம் இருந்தால் முதலில் அதைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். அடுத்தவர் கையால் எடுக்கப்போவது என்று எண்ணிப் பொதிய வேண்டும்.

காண்டம் கதீட்டர், ட்யூப், யூரோபேக்

தொடர்ந்து கசியும் ஆண்களுக்கு, குறிப்பாக நீண்ட பயணத்தில், காண்டம் கதீட்டர் (ஆணுறைபோல் மாட்டி, குழாய் வழியாகச் சிறுநீரைப் பையில் சேர்ப்பது) டயப்பரைவிட வசதி. பொதுவாக 25 முதல் 40 மி.மீ. விட்டம் வரை பல அளவுகளில் கிடைக்கும். ஆண்குறியின் நடுப்பகுதிச் சுற்றளவை நூலால் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும்: 94 மி.மீ. சுற்றளவுக்கு 30. முடியைக் கத்தரியால் குறைத்து, கழுவி, நன்றாகத் துடைத்து, நுனியில் 1 முதல் 2 செ.மீ. இடைவெளி விட்டு உருட்டிப் போடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் நுனி உரசிப் புண்ணாகும். அதிகமானால் முறுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கழலாமல் இருக்க பிளாஸ்திரியையோ நூலையோ சுற்றிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றுபோகும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவி, சிவப்போ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீர் சேரும் பையான யூரோபேக் படுக்கைக்கு 2,000 மி.லி.; நடமாட 500 முதல் 750 மி.லி. கால் பை. வேட்டி கட்டுபவர்கள் கெண்டைக்காலில் கட்டினால் வேட்டியை மடித்துக் கட்டும்போது தெரியும், தொடையில் கட்டுங்கள். பாதிக்கு மேல் நிரம்ப விடாதீர்கள், எடை ட்யூபை இழுக்கும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிலில் படுக்கும்போது பக்கத்தில் தூக்கி வைத்தால் பையிலிருந்தது உள்ளே திரும்பும், தொற்று வரும். சிறுநீர்ப்பைக்குள் ட்யூப் போட்டவர்கள் அதை எப்போது மாற்ற வேண்டும் என்ற தேதியை டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். அது ட்யூபின் வகையைப் பொறுத்தது. சொட்டுவது நின்று வயிறு உப்பினால் முதலில் ட்யூப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி.

தோல்

நனைந்து 2, 3 மணி நேரம் இருந்தால் தோல் ஊறி, அமோனியாவால் சிவந்து, உரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெறும் வெதுவெதுப்பான நீர் போதும். குளியல் சோப்பு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காற்று பட 5 நிமிடம் விடுங்கள். பிறகு வாஸ்லின் அல்லது துத்தநாக ஆக்சைடு கிரீம், தோல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக. அப்பிப் பூசினால் பேடின் மேல் ஒட்டி உறிஞ்சுவதை அடைத்துவிடும். டால்கம் பவுடர் ஈரத்தில் கட்டிக்கட்டியாகி மடிப்பில் உரசும், வேண்டாம். சிவப்பைச் சுற்றி சிறு சிறு புள்ளிகளும் அரிப்பும் இருந்தால் பூஞ்சை. அதற்கு மருந்து வேறு.

இரவு

மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பருத்தி விரிப்பு, இடுப்பு வரும் இடத்தில் 60 × 90 செ.மீ. அண்டர்பேட் (ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு), அதன் மேல் மெல்லிய துணி. இதையே இரண்டு அடுக்காக விரித்து வைத்தால், நனைந்ததும் மேல் அடுக்கை உருவிவிட்டுத் தூங்கலாம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பு ஓரம்தான் நனையும். அண்டர்பேடைப் படுக்கும் பக்கமாக நகர்த்திப் போடுங்கள். கால் வீக்கம் உள்ளவர்கள் மதியம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தால், அந்த நீர் படுக்கப்போகும் முன்பே சிறுநீராகிவிடும். நனைந்த விரிப்பை வெந்நீரில் போடாமல் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், பிறகு சோப்பு, வெயில்.

பயணப் பை

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை: பயணத்தில் போடப்போகும் அதே டயப்பர், அதே உடையோடு வீட்டில் 3 மணி நேரம் நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்திருக்கும்போது டயப்பர் அழுந்தி, நிற்கும்போது தாங்கும் அளவு தாங்காது. இங்கே கசிந்தால் வீட்டோடு போகும்.

எண்ணிக்கை: வீட்டுக் கதவிலிருந்து போய்ச் சேரும் கதவு வரை மொத்த மணி நேரம், வகுத்தல் ஒன்று தாங்கும் நேரம், கூட்டல் 2. 12 மணி நேரப் பயணம், ஒன்று 4 மணி நேரம் தாங்கும் என்றால் 3 + 2 = 5. கூடவே ஒரு செட் உடை, சிறிய துண்டு, ஒரு அண்டர்பேட், ஜிப் வைத்த பைகள் 3, நியூஸ்பேப்பர், வெட் வைப்ஸ், அரை லிட்டர் பாட்டிலில் கழுவத் தண்ணீர், வாஸ்லின். ஆண்களுக்கு மூடி போட்ட யூரின் பாட்டில். பெண்களுக்கு நின்றுகொண்டே போக உதவும் புனல் கடைகளில் கிடைக்கிறது, வீட்டுக் குளியலறையில் நாலைந்து முறை பழகாமல் வெளியே முயல வேண்டாம். இத்தனையும் தோளில் மாட்டும் ஒரே பையில், மடியில் இருக்க வேண்டும். டிக்கியில் போட்டால் இருந்தும் இல்லாததுபோல்தான்.

உடை அடர்நிறத்தில், பூப்போட்டதாக இருந்தால் ஈரம் தெரியாது. பேண்ட் அணிபவர்களுக்கு ஓடும் வண்டியில் பேண்ட் வகை டயப்பர் மாற்றுவது சிரமம், கால்சட்டையை முழுக்கக் கழற்ற வேண்டும். பக்கத் தையலைக் கிழித்து எடுக்கலாம், ஆனால் புதியதை மாட்ட முடியாது. அவர்கள் டேப் வகையைக் கொண்டுபோகலாம், சுவரில் சாய்ந்து நின்றபடியே போட்டுக்கொள்ளலாம்.

பஸ், ரயில், கார், விமானம்

உங்கள் இடைவெளி 3 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் இரவு பஸ் வேண்டாம், ரயிலில் போங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு 8, 9 மணி நேரம் ஓடும் பஸ் வழியில் ஓரிரு இடத்தில்தான் நிற்கும். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால், ஏறும்போதே கண்டக்டரிடம், ‘சுகர் பேஷண்ட் அண்ணே, நடுவுல ஒரு தடவை நிறுத்தணும்’ என்று சொல்லி வையுங்கள். முட்டும்போது சொல்வதைவிட முதலிலேயே சொன்னால் மறுப்பவர் குறைவு. நடைபாதை ஓர சீட், பின்சக்கரத்துக்கு முன்னால். கடைசி வரிசையின் குலுக்கல் கசிய வைக்கும். மோட்டலில் நிறுத்தினால் முதலில் கழிப்பறை, வரிசை குறைந்தபின் சாப்பாடு, காபி ஊருக்குப் போனபின்.

ரயிலில் பெட்டியின் இரு கோடியிலும் கழிப்பறை உண்டு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகவோ இருவராகவோ முன்பதிவு செய்யும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். 72 பெர்த் பெட்டியில் 1, 4, 7, 65, 68, 71 ஆகியவை கழிப்பறைக்குப் பக்கத்தில் உள்ள கீழ்ப் பெர்த்துகள். நடுவில் கிடைத்தால் அங்கே இருப்பவரிடமோ டி.டி.ஆரிடமோ கேட்டு மாறலாம். கதவுச் சத்தம் இருக்கும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு இருபது அடி நடப்பது மிச்சம். விரிப்புக்குக் கீழே அண்டர்பேட் போட்டுவிடுங்கள். இப்போதுள்ள பயோ டாய்லெட்டில் டயப்பரோ வைப்ஸோ போட்டால் அடைத்து, பெட்டி முழுவதற்கும் தொல்லை. பொதிந்து குப்பைக் கூடையில். கழிப்பறை மோசமாக இருந்தால் 139-க்கு அழைக்கலாம். சக்கர நாற்காலி வேண்டுமானால் ஸ்டேஷனில் முன்பே கேளுங்கள்.

காரில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, முட்டாவிட்டாலும் நிறுத்துங்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க் இரண்டிலும் பெரும்பாலும் கழிப்பறை இருக்கும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத பாதையில், வருவதை விடக் கூடாது.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ போகும் பெற்றோருக்குச் சில குறிப்புகள். டயப்பர், மாத்திரை, மாற்றுடை எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டி தாமதமாகலாம். 24 மணி நேரப் பயணத்துக்கு மேலே சொன்ன கணக்கில் 8 வேண்டும். மாத்திரைகளை அட்டையோடும் சீட்டோடும் வையுங்கள். கிரீம், சானிடைசர் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள். பாதுகாப்புச் சோதனைக்கு முன்பு கழிப்பறைக்குப் போய் உலர்ந்ததாக மாற்றிக்கொள்ளுங்கள். ஊறிய டயப்பரும் கால் பையும் உடல் ஸ்கேனரிலும் கைச் சோதனையிலும் தட்டுப்படும். அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம். மருத்துவர் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தால் பேச்சு மிச்சம். வீல்சேர் உதவி கேட்டவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: உதவியாளர் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனால் நீண்ட நேரம் காத்திருக்க நேரிடும், அதனால் ஏறியதுமே, ‘முதலில் ரெஸ்ட் ரூம்’ என்று சொல்லுங்கள். நடைபாதை ஓர சீட் கேளுங்கள். தரையிறங்கும் முன் அரை மணி நேரம் எழுந்திருக்க விடமாட்டார்கள். இறங்கப்போவதாக அறிவிப்பு வரும் முன்பே போய்விட்டு வாருங்கள்.

கல்யாணம், கோயில், தொழுகை

மண்டபத்தில் நுழைந்ததும் கழிப்பறை எங்கே, மேற்கத்தியதா இந்தியன் வகையா என்று பார்த்துவிட்டு, அதற்கு அருகில் உட்காருங்கள். பட்டுப் புடவைக்கு உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். கோயிலில் நீண்ட வரிசையில் அடைபடும் முன் போய்வந்து, புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். சுத்தமில்லாமல் சாமி கும்பிடுவதா என்று வருடக்கணக்கில் கோயிலுக்குப் போகாத பாட்டிகள் இருக்கிறார்கள். குளித்து, உலர்ந்ததை அணிந்து போவதில் எந்தக் குறையும் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொடர்ந்து கசியும் முஸ்லிம்களுக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு: தொழுகை நேரம் வந்ததும் கழுவி, புதிய பேட் வைத்து, உளூச் செய்து (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி) தொழலாம், இடையில் கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும். விவரத்தை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே நனைந்துவிட்டால்

துண்டையோ துப்பட்டாவையோ இடுப்பில் கட்டி, பையை முன்னால் பிடித்துக்கொண்டு எழுங்கள். உட்கார்ந்த இடத்தை வைப்ஸால் துடைத்து, அண்டர்பேடை மேலே போடுங்கள். கழிப்பறையில் முதலில் கீழுடை, பிறகு டயப்பர், கழுவுதல், ஒற்றுதல், வாஸ்லின், புதியது, உலர்ந்த உடை. நனைந்த உடையில் தண்ணீரை விட்டுப் பிழிந்து ஜிப் பையில் காற்றில்லாமல் மூடினால் வாடை வெளியே வராது. கூட வந்தவர் செய்ய வேண்டியது, ‘வாங்கம்மா, அந்தப் பக்கம் போலாம்’ என்று எழுப்பிக் கூட்டிப்போய், கதவுக்கு வெளியே பையுடன் நிற்பது. என்ன ஆயிற்று என்று அங்கேயே கேட்கக் கூடாது.

ஊர் திரும்பிய அன்றே பையில் குறைந்ததை நிரப்பி, மாற்றுடையைத் துவைத்து மறுபடி வைத்து, கதவருகே மாட்டிவிடுங்கள்.